லேசர் அறைக்குள் ஒரு ஹீட்டர்

ஹம்பேர்க்கில் எஸ்-பான் ரயில் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் யாரும் அசைவதில்லை. அதே ரயிலில் போய்ச் சேரும் என் பிழைப்பு வேறு ரகம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சுரங்கத்தின் வழியாக எக்ஸ்-கதிர்த் துடிப்பு வரும். எங்கள் அறையிலிருந்து லேசர்த் துடிப்பு போகும். லேசர் பொருளைத் தட்டி எழுப்ப, எக்ஸ்-கதிர் அந்தக் கோலத்தைப் படம் பிடிக்கும். ஒரு தலைமுடியைக் குறுக்கே கடக்க ஒளிக்கு ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் படம் கலங்கிவிடும். இந்த இரண்டு பேரையும் முகூர்த்தம் தப்பாமல் சேர்த்து வைக்கும் தரகர் நான்.

அன்று வெளிநாட்டுப் பெண் ஆய்வாளர் ஒருவர் தன் குழுவோடு வந்திருந்தார். கதிர் கிடைக்க நெடுநாள் காத்திருந்தவர். மாலையில் அது அடுத்த குழுவுக்குப் போய்விடும். விட்டால் மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும். காலையில் துடிப்புகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் போல நிமிர்ந்து நின்றேன். அவர் அளக்கத் தொடங்கினார். லேசர்த் துடிப்பு நேரம் தப்பி மெல்ல நழுவியது.

நான் பதறவில்லை. ஓடினேன், அவ்வளவுதான். தலைக்கு நீலக் குல்லா, காலுக்கு உறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு லேசர் அறைக்குள் புகுந்தேன். கேபிள்களை அழுத்தினேன். கருவிகளை முறைத்தேன். வெளியே வந்தால் இன்னும் நழுவல். மறுபடி குல்லா, உறை, கண்ணாடி, முறைப்பு. மனத்துக்குள் ராஜினாமாக் கடிதத்தின் இரண்டாம் பத்தி வரை வந்துவிட்டேன்.

திரைகளின் முன் என் சக பொறியாளர் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், இங்கேயே வளர்ந்தவர். என்னைக் கேலி செய்வதற்குத் தனிச் சம்பளம் வாங்குகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

"என்ன அண்ணை, திரும்பவும் உள்ளுக்கோ?"

"கேபிள் போயிடுச்சும்மா. இல்லன்னா நேரம் கொடுக்கிற கடிகாரம். இல்லன்னா நான் செத்தேன்."

"கொஞ்சம் இருங்கோ. இந்தக் கோட்டை வடிவாப் பாருங்கோ. அறையின்ர வெப்பநிலை. நீங்கள் கதவைத் திறக்கிற நேரமெல்லாம் எழும்புது. அதுக்குப் பிறகுதான் லேசர் நழுவி ஓடுது."

"ஒரு டிகிரிகூட ஏறலையே!"

"பத்தில ஒண்டு ஏறினாலே காணும். லேசர் நிக்கிற மேசை ஒரு பொட்டு நீளும், ஒளி பிந்தும். உங்கட உடம்பு ஒரு ஹீட்டர் அண்ணை. அதிலயும் பதறின ஹீட்டர்."

முதல் நழுவல் வழக்கமானது. பொறுத்திருந்தால் தானியங்கித் திருத்தமே சரிசெய்திருக்கும். மற்றவை எல்லாம் என் உபயம். அந்தக் கதவில் 'அவசியமின்றித் திறக்காதீர்' என்று ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் ஒட்டிவைத்த மகானும் நான்தான். வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் அதை விரல் நீட்டி வாசித்துக் காட்டுவது என் பொழுதுபோக்கு.

"சரி, நான் இங்கயே உட்கார்றேன்."

"ஏலாது. உங்கட கை சும்மா இராது. கன்டீனுக்குப் போங்கோ."

போனேன். ஆறிய உருளைக்கிழங்கின் முன் உட்கார்ந்து, விஞ்ஞானத்துக்கு என்னாலான பேருதவியாக, எதையும் தொடாமல் இருந்தேன். கை மட்டும் உப்புக் குப்பியைத் திருகிக்கொண்டே இருந்தது. கடைசியில் போன் அடித்தது.

"அண்ணை, ரெண்டு பேரும் சந்திச்சிட்டினம். அசையாமல் நிக்கினம். அவ அளக்கிறா, மாலைக்குள்ள முடிச்சிடுவா."

"ஓடி வரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! இன்னுமொரு கோப்பி குடியுங்கோ."

மூன்று குடித்தேன். மாலையில் அந்த ஆய்வாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து கை குலுக்கினார். என் கை சூடாக இருப்பதாகச் சொன்னார்.