ஒரே வரம்புக்கு மூன்று பெயர்

ஆந்திராவில், ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. புத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். வாசலில் கைரேகை பதியும் மென்பொருளும், சரக்குக் கணக்கு, சம்பளம், கேன்டீன் பார்க்கும் மென்பொருள்களும் ஒரே சர்வரில் ஓடின. ஒவ்வொன்றும் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்று அதனதன் ஃபைலில் வரம்பு எழுதி வைப்போம். அந்த வரம்புக்கு ஒன்றில் 'மேக்ஸ் மெமரி' என்று பெயர், இன்னொன்றில் 'மெமரி லிமிட்', மற்றவற்றில் 'மெம் மேக்ஸ்'. எழுதியவர்களுக்கு அன்றைக்குத் தோன்றியது.

ஒரு மத்தியானம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கைரேகை இயந்திரம் நின்றுவிட்டது. ரேகை பதியாமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள். போய்ப் பார்த்தால், சரக்கு மென்பொருள் மெமரி முழுவதையும் விழுங்கியிருந்தது. என்னோடு வேலை செய்யும் பெண் காலையில்தான் அதற்கு வரம்பு போட்டிருந்தாள். ஆனால் வேறு ஃபைலில் வழங்கும் பெயரில். தெரியாத பெயரைக் கண்டால் மென்பொருள் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும்.

வெயிலில் நின்றவர்களில் அசெம்ப்ளியில் வேலை பார்க்கும் என் அண்ணியும் ஒருவர். "கால் கடுக்க நின்னுகினே இருந்தோம். இன்னா ஏதுன்னு ஒருத்தரும் வந்து சொல்லல," என்றார் வீட்டில்.

மறுநாள் எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். திருப்பதிக்காரர்.

"எல்லாத்துக்கும் ஒரே பேரா மாத்திடலாம் சார்."

"ஓடிக்கினு இருக்கறத எதுக்கும்மா நோண்டணும்? அந்தப் பொண்ணு பாத்துப் போட்டிருக்கணும்."

"நாளைக்கு நானும் தப்பாப் போடுவேன் சார். நீங்களும் போடுவீங்க."

"செரி, மாத்து. ஆனா பழைய பேர எடுத்துட்டு எல்லாத்தையும் படுக்க வெச்சிடாத," என்றார்.

நானும் அவளும் உட்கார்ந்தோம். எதற்கான வரம்பு என்பது முதலில், 'மேக்ஸ்' என்பது பின்னால்: 'மெமரி மேக்ஸ்', எத்தனை ஃபைல் திறக்கலாம் என்பதற்கு 'ஃபைல் மேக்ஸ்'. பழைய பெயர்கள் கொஞ்ச காலம் செல்லும், திரையில் ஓர் எச்சரிக்கைச் செய்தியோடு. தெரியாத பெயர் வந்தால் மென்பொருள் கிளம்பவே கூடாது. எந்த வரியில் தப்பு என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளாக மாற்றினோம். தலைவர் எங்கள் மேஜையைத் தாண்டும்போதெல்லாம் "அயிந்தா?" என்று தெலுங்கில் கேட்பார். "இன்னும் முடியல சார்," என்போம்.

சில வாரம் கழித்து அவரே போன் செய்தார். "சம்பள சாஃப்ட்வேர் கெளம்ப மாட்டேங்குது. நான்தான் வரம்ப ஏத்தினேன்."

"எந்த வரின்னு காட்டியிருக்கும் சார். படிங்க."

மறுமுனையில் அவர் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. ஓர் எழுத்தை விட்டிருந்தார். "செரி, கெளம்பிடுச்சி," என்று வைத்துவிட்டார்.

எதிரே இருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை அவள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் மாற்றாமல் இருந்த கேன்டீன் மென்பொருளின் ஃபைலைத் திறந்தாள்.