அவள் விரல்களுக்குள் இருந்த போர்டிங் பாஸ்

விமான நிலையத்தின் உட்கூடத்தில், பன்னிரண்டாம் வாயிலுக்கு எதிரே, முந்திரிப் பொட்டலமும் பற்பசையும் கழுத்துத் தலையணையும் விற்கும் கடையொன்று உண்டு. அதன் கல்லாவில் அவள் பதினோராண்டுகளாக நிற்கிறாள். போர்டிங் பாஸைக் கருவியில் காட்டாமல் எவருக்கும் பில் போடாதவள் என்பதால், உடன் வேலை செய்வோர் அவளுக்கு இட்ட பெயர் சட்டக்கா. விமானியே வந்து மிட்டாய் கேட்டாலும் முதலில் பாஸைத்தான் கேட்பாள் என்று கேலி செய்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். கைநீட்டி அடிக்கும் கணவனை விட்டு, உடுத்த துணியோடு வெளியேறிய ஆண்டில் சேர்ந்த வேலை அது.

அன்று நண்பகல் ஒரு கணவனும் மனைவியும் வந்தனர். கடல்கடந்து அவன் வேலை பார்க்கும் ஊருக்கு மனைவியை முதன்முறையாக அழைத்துச் செல்கிறான் என்பது அவன் அதட்டலிலேயே விளங்கிற்று. மனைவி தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்துக் கூடையில் இட்டாள். கேளாமல் எடுத்த குற்றத்துக்காகப் புறங்கையால் அறைந்தான். உதடு கிழிந்து, குருதி முந்திரிப் பொட்டலத்தின்மேல் சொட்டியது.

"இங்கயே இப்படி முழிக்கிற. அங்க வந்து கத்திப் பாரு, கேக்க ஒரு நாதி இருக்காது" என்றபடி, இருவர் பாஸையும் கல்லாவில் எறிந்தான்.

பில்லுக்கு ஒன்றே போதும். சட்டக்கா அவனுடையதைக் கருவியில் காட்டித் திருப்பிக் கொடுத்தாள். மற்றதை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள்.

"அது அவங்களோடது. அவங்க கேட்டா குடுக்குறேன்."

அவன் கல்லாவைத் தாண்டிச் சட்டக்காவின் கூந்தலைப் பற்றி, முகத்தைப் பலகையில் மோதினான். ஒருமுறையன்று, மும்முறை. மூக்கெலும்பு நொறுங்கிய ஓசை அவள் காதுக்கே கேட்டது. சுண்டுவிரலைப் பின்புறமாய் மடக்கி ஒடித்தான். ஒலிபெருக்கியோ கணவன் மனைவி இருவரையும் விமானத்துக்குக் கடைசி அழைப்பாகக் கூவிக்கொண்டிருந்தது. ஓடிவந்த காவலர் இருவர் அவனைத் தரையில் வீழ்த்தி முதுகில் முழங்காலை ஊன்றியபோதும், சட்டக்காவின் பிடி நெகிழவில்லை.

அப்போது மனைவி மெல்ல வந்து கை நீட்டினாள்.

கேட்டால் கொடுப்பதாகச் சொன்ன சொல்லைச் சட்டக்கா அக்கணம் நொந்துகொண்டாள். ஆயினும் கொடுத்தாள். மனைவி அந்தக் கசங்கிய தாளைப் புறங்கையால் நீவினாள். திறந்திருந்த வாயிலை நெடுநேரம் நோக்கினாள். பிறகு காவலர் பக்கம் திரும்பினாள்.

"நான் ஏறல சார். என் பெட்டிய மட்டும் இறக்கிக் குடுக்கச் சொல்லுங்க."