பத்து விநாடி

எங்கள் சுரங்க ஊர்ப் பள்ளியில் எந்தக் கணக்கிலும், செங்குத்தாக இறங்கும் சுரங்கக் குழியான ஷாஃப்ட்தான் வரும். ஆயிரத்து அறுநூறு அடி ஷாஃப்டில் ஆளிறக்கும் கூண்டான கேஜின் கயிறு அறுந்தால், அடியைத் தொட எத்தனை விநாடி? இதைக் கேட்டுவிட்டு பௌதிக வாத்தியார் என் பக்கத்தில் இருந்தவளைப் பலகைக்குக் கூப்பிட்டார். போன மாதம் அவள் அப்பா அப்படித்தான் செத்தார். வாத்தியாருக்கும் தெரியும்.

அவள் 'பத்து' என்று எழுதினாள்.

என் முதல் ரேங்க் போய்விடுமோ என்ற எரிச்சலில் எழுந்தேன். "தப்பு சார். இவங்கப்பா பாதி ஆழத்துல இருக்கிற லெவல்ல ஏறித்தான் வுழுந்தாரு. பத்து ஆவாது."

அவள் திரும்பாமலே சொன்னாள்: "இல்ல சார். மேலயிருந்துதான். அப்பதான் ஷிப்டுக்கு ஏறுனாரு. முழுசா பத்து."

வாத்தியார் அவளுக்கு முழு மார்க் போட்டார். அன்றைக்கு எனக்கு வலித்தது அந்த மார்க் மட்டும்தான்.