தேர் அன்று எடுத்த அளவு

திலகவதியைப் போல் ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் பூவம்மாளின் மகள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஐந்து வருடம் எனக்குப் பக்கத்து மேசை. குவாண்டம் கணினியில் தகவலைத் தாங்கும் துணுக்கான க்யூபிட்டின் ஆயுளை நீட்டுவதுதான் அவள் வேலை. காந்தத்துக்குள் ஒரு கண்ணாடிக் குழாய்; அதிலுள்ள திரவத்தின் அணுக்கள்தான் க்யூபிட். ஏற்றிய தகவலை ஒன்றரை வினாடியில் மறந்துவிடும். மறக்கும்முன் ரேடியோ துடிப்புகளால் திரும்பத் திரும்பப் புரட்டிவிட்டால் ஆயுள் நீளும் என்றாள். நீண்டது. மூன்று வினாடி!

2012 அக்டோபர். ஆய்வேட்டைக் கொடுக்க அன்று மாலை நான்கு மணிதான் கெடு. தவறினால் பதிவே ரத்து. மகள் கொடுப்பதைப் பார்க்கப் பூவம்மாள் பஸ் ஏறி வந்திருந்தார்.

“இன்னிக்கி ஃபேன் சுத்துது, பரவால்ல. தேரு அன்னிக்கு வந்தப்ப வேர்த்து ஊத்துச்சே!”

திலகவதியின் முகம் வெளுத்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த மூன்று வினாடி, ஆனித் தேரன்று எடுத்த அளவு. விடுமுறை என்பதால் அன்றுதான் அந்தக் காந்த மிஷின் நாள் முழுக்க அவளுக்குக் கிடைத்தது. தேர் ஓடுவதற்காக ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மிஷின் பேட்டரியில் ஓடியது. சுற்றியுள்ள கம்பிகளில் மின்சாரத்தின் தொந்தரவு இல்லாததால்தான் ஆயுள் நீண்டதோ? நானும் அன்று கூடவே இருந்தேன். என் மர மண்டையை என்ன சொல்ல!

பூவம்மாள் வேடிக்கை பார்க்க வராந்தாவுக்குப் போனார். “பன்னெண்டுக்கு கரண்டு போவும்ல? துடிப்பே குடுக்காம அளந்து பாத்துடுவோம்,” என்றாள் திலகவதி.

ஊரே திட்டுகிற மின்வெட்டுக்காக நாங்கள் காத்திருந்தோம். பன்னிரண்டு அடித்தது. போகவில்லை. பன்னிரண்டே கால். பாழாய்ப்போன கரண்டு அன்றைக்கென்று போக மறுத்தது. ஒருவழியாக ஃபேன் நின்றது. அளந்தாள். மூன்று வினாடி. மறுபடி அளந்தாள். அதே மூன்று. அவளுடைய துடிப்புகள் ஒன்றுமே செய்யவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “யாருக்குடி தெரியப்போவுது? குடுத்துத் தொலை!”

“இத நம்பி இன்னொருத்தி அஞ்சு வருஷம் உழைப்பா, இலக்கியா.”

பூவம்மாள் எட்டிப் பார்த்தார். “எப்ப பாப்பா குடுக்கப்போற?”

திலகவதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். “மிஷினு ரிப்பேரும்மா. இன்னிக்கி முடியாது.”

“அவ்ளோதான? சரி பண்ணிக்கலாம். மொதல்ல சாப்புடு,” என்று தூக்குவாளியைத் திறந்தார் பூவம்மாள். வஞ்சிரக் குழம்பு.

நான் எழுந்து வெளியே ஓடி அழுதேன். திலகவதி, தன் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தான் சொன்ன வார்த்தையால்தான் எல்லாம் போயிற்று என்று பூவம்மாளுக்கு இன்றுவரை தெரியாது.