நாலு பட்டன் பாட்டு

என் அக்கா புருஷனை ஊர்ப் பாட்டுக்காரர்கள் பச்சோந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். "பச்சோந்தி பாவம், அது என்ன விளையாட்டுக்கா நிறம் மாத்துது?" என்று சிரிப்பார். ராக் இசையில் ஆரம்பித்தவர். மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர கிதார் வாசித்து, தெருவில் நாலு பேர் அடையாளம் கண்டு கையசைக்கத் தொடங்கிய நேரம் பார்த்து ஜாஸுக்குத் தாவினார். ராக் கேட்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். ஜாஸுக்கென்று ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்ததும் கணினியில் நடன இசை. அதற்கும் ஆள் சேர்ந்தபோது, வெறும் குரலும் கிதாருமாக மெதுவான பாட்டுகள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். "அரைச்ச மாவையே அரைக்கச் சொல்றியா மாப்ள?" என்பார். அரைத்திருந்தால் ஒரு ஆளாகியிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீட்டை ஓட்டியது அக்காவின் தையல் மெஷின். முன் அறையில் ஜன்னலோரம் அவள், உள் அறையில் அவர். ஒலிப்பதிவெல்லாம் அங்கேதான். கதவிடுக்கில் அவள் வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை அடைத்துப் பார்த்தார். மெஷின் சத்தம் நிற்கவில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ஒரு கயிறு. ஒரு முனை அவருடைய மேசையில்; கதவுக்கு அடியில் நுழைந்து போய், மறுமுனை அக்காவின் நாற்காலிக் காலில். ஒரு தடவை இழுத்தால் மெஷினை நிறுத்த வேண்டும். இரண்டு தடவை இழுத்தால் பதிவு முடிந்தது, ஓட்டலாம்.

பள்ளி திறக்கிற சமயத்தில் அவளைச் சுற்றிச் சீருடைகள் குவிந்து கிடக்கும். அப்போதும் கயிறு ஆடும். அக்கா மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஊசியில் நூலைக் கோத்துப் பட்டன் தைக்க ஆரம்பிப்பாள். அதனால் அவர் பாட்டுகளின் நீளத்தைப் பட்டனில்தான் சொல்வாள். "இது நாலு பட்டன் பாட்டு" என்பாள். ஜாஸ் காலத்தில் ஒரே பாட்டுக்குள் ஒரு சட்டைக்கு மொத்தப் பட்டனும் வைத்து, பட்டன் நுழைகிற காஜாவும் எடுத்துவிட்டாள். "இந்த ஜாஸ் நல்லாத்தான் இருக்கு. வேல முடிஞ்சிருது" என்றாள்.

"உனக்கு அவர் பாட்டுல எது பிடிக்கும் அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடைசில ரெண்டு தடவ இழுப்பாருல்ல, அது."

உள்ளே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

கயிறு இருந்தும் சில பதிவுகளில் மெஷின் நுழைந்துவிடும். கயிற்றைக் கவனிக்காமல் அவள் நாலு மிதி மிதித்திருப்பாள். அது அவருக்குப் பொறுக்காது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க உட்கார்ந்து துடைத்து எடுப்பார். "என் பதிவுல ஒரு தூசி இருக்காது" என்பார். பேரும் புகழும் இல்லாத மனிதருக்கு இருந்த ஒரே பெருமை அது.

போன வருஷம், நெஞ்சு வலிக்கிறது என்று மத்தியானம் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை.

வீடு அமைதியான பிறகுதான் அவருக்கு அந்த மெஷின் சத்தம் வேண்டியிருந்தது. ஒரு துளி போதும் என்றார். இத்தனை வருஷத்துப் பதிவுகளையும் திறந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ராக், ஜாஸ், நடன இசை, எதிலும் மெஷின் சத்தம் இல்லை; எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன.

"நானே எடுத்துட்டேன் மாப்ள. ஒவ்வொண்ணா நானே எடுத்துட்டேன்" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"மெஷின் இங்கதான இருக்கு மாமா. ஓட்டிப் பதிவு பண்ணிக்கலாம்" என்றேன்.

மைக்கை முன் அறைக்குக் கொண்டுவந்தார். ஒரு துணியை வைத்து அவரே மிதித்தார். எந்தத் தாளமும் வசப்பட்ட மனிதர், பிசிறில்லாமல் ஓட்டினார். பிறகு போட்டுக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"காலர் வளைவுக்கு வந்தா அவ லேசா நிதானிப்பா. அப்புறம் வேகம் எடுப்பா. எவ்வளவு நிதானிப்பான்னு எனக்குத் தெரியல. நிறுத்தச் சொல்லத்தான் தெரிஞ்சுது. அதைக் காது குடுத்துக் கேட்டதே இல்லையே."

அதன்பின் வெகுநாள் கிதாரைத் தொடவில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது ஒரு புதுப் பாட்டைப் பதிவு செய்யப்போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். "இப்ப என்ன வகை மாமா?" என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார். நான் முன் அறையில் இருந்தேன். மெஷின் மூடிக் கிடந்தது.

கயிறு ஒரு தடவை இழுபட்டது.

அக்கா உட்கார்ந்திருந்த காலத்தில் அந்த இழுப்புக்கு நாற்காலி லேசாக அதிரும், அவ்வளவுதான். இப்போது அது தரையைத் தேய்த்துக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. எழுந்துபோய்ப் பழைய இடத்தில் வைக்கலாம் என்றால், உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. அசையாமல் இருந்தேன். நிதானமான பாட்டு. ஒரு தடவைகூட நிறுத்தாமல் பாடினார்.

முடிந்ததும் இரண்டு தடவை இழுத்தார். நாற்காலி கதவுக்கே வந்து முட்டியது.  பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மெஷினுக்கு முன்னால், அது இருந்த இடத்திலேயே போட்டார்.

"இது எத்தன பட்டன் பாட்டு மாப்ள?" என்று கேட்டார்.

எனக்குப் பட்டன் தைக்கத் தெரியாது.