ஆடிக்காற்றில் ஒரு வெள்ளை வேட்டி

மலைமேல் பெரியாற்றுக்கு அணை கட்டிக்கொண்டிருந்த காலம். வீட்டுக்காரர் அங்கே கூலிக்குப் போயிருந்தார். தேவாரத்துக்கு மேற்கே, மலையடியில் எங்கள் தோட்டம். கிணற்றுத் தண்ணீரில் போட்ட சோளம் ஆடியில் முற்றியது. கிளிகளும் கூட்டமாக இறங்கின. காவல் பரணில் ஏறிக் கவணில் கல் வீச நான் ஒருத்திதான்.

அந்த நேரம் பார்த்து என் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல். பகலெல்லாம் ஊரில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தேன். தோட்டத்தை விட்டால் வருஷச் சோறு போச்சு. பிள்ளைக்கு ஏதாவது என்றால் தோட்டம் இருந்து என்ன?

ஆடிக்காற்று மலையிலிருந்து ஊர்ப்பக்கம் அடிக்கும். நான் கூப்பிட்டால் ஊருக்குக் கேட்கும். ஊரிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்குக் கேட்காது. தப்பு மேளம் அடித்துப் பார்த்தார்கள், அதுவும் எட்டவில்லை. துரைமார்களுக்கு மலைவரை தந்தி இருந்ததாம். எங்களுக்கு யார் கம்பி இழுப்பது?

கடைசியில் துணி கட்டினோம். சிவப்புச் சேலை தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தது. வெள்ளை வேட்டிதான் கண்ணுக்கு எட்டியது. ஊரில் வைக்கோல் படப்பின் மேல் மூங்கில் நட்டு நாத்தனார் வேட்டியைக் கட்டுவாள். பறந்தால் பிள்ளை சுகம், இறங்கினால் ஓடி வா. ஆனால் என் பரணிலிருந்து பார்த்தால் நடுவில் புளியந்தோப்பு மறைத்தது. ஊரும் என் பரணும் சேர்ந்து தெரிகிற இடம் ஒன்றே ஒன்று, பக்கத்துத் தோட்டத்துக்காரியின் பரண்.

அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் ஆடு என் அவரைக்கொடியை மேய்ந்ததில் வந்த சண்டை. இன்றைக்கும் நியாயம் என் பக்கம்தான். ஊர் வேட்டி பறக்கிறவரை உன் பரணிலும் ஒன்று கட்டு என்று நாத்தனார் போய்க் கேட்டாள். மறுநாள் காலையில் அவள் பரணிலும் ஒரு வேட்டி பறந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் போய்ப் பேசவில்லை, வீம்பு.

அப்புறம் ஒருநாள் காற்று பேயாட்டம் ஆடியது. மத்தியானம் நிமிர்ந்து பார்த்தேன். வேட்டி முன்னைவிடத் தாழ்வாக, ஆடி ஆடிப் பறந்தது. பறக்கிறதே, அது போதும் என்று கிளியை விரட்டினேன்.

பொழுது சாய, ஊருக்குத் திரும்பும் வழியில் அவள் தோட்டத்தைத் தாண்டினேன். பாதிக் கதிரில் மணியே இல்லை. வேட்டி கட்டியிருந்த மூங்கில் கம்பு முறிந்து கீழே கிடந்தது. அவள் பரணில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள், வேட்டி மடியில். மத்தியானத்திலிருந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருக்கிறாள். கவண் எடுக்கக் கை ஏது?

வீம்பெல்லாம் எங்கே போனதோ, வாய் தானாகத் திறந்தது.

“ஏக்கா, எறங்கி வேற கம்பு நட்டிருக்கலாம்ல? இம்புட்டுக் கதிரும் போச்சே!”

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“எறங்குனா துணி மறையும்ல. பிள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நீ செத்துச் செத்துல்ல ஓடுவ.”