ஆண்டிமடத்து டம்ளர்

எங்கள் லீலாவதி மேடத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘பிளாங்க் மேடம்’. நான் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. சரி, ஒரே ஒருநாள் சொன்னேன், அதுவும் அவர் காதில் விழுந்துவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெரம்பலூர் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், தடய வேதியியல் லேபில் பதினொரு வருடமாகக் குடுவை கழுவுகிறேன். கை தேய்ந்ததே தவிர வாய் தேயவில்லை.

பிளாங்க் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. விஷம் துடைத்த பஞ்சில் மருந்து ஊற்றி நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறோமா? விஷமே படாத வெறும் பஞ்சிலும் அதே மருந்தை ஊற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் நிறம் மாறினால் அந்தச் சோதனையையே குப்பையில் போட வேண்டியதுதான். “பிளாங்க் வெச்சியா?” என்று கேட்காமல் மேடம் எவர் நோட்டிலும் கையெழுத்துப் போடமாட்டார்.

மேடம் உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா டீச்சருக்குப் படிக்கச் சொன்னார். இவர் பிடிவாதமாகக் கெமிஸ்ட்ரி படித்து, போலீஸ் கேஸ் பொருள்களைச் சோதிக்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குப் போனார். ஆறு வருடம் அங்கே, எட்டு வருடமாக இங்கே. கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்ட ஒரே ஆள் நான்தான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வருடா வருடம் முதல் வகுப்பில் ஒரு கேஸ் சொல்வார். ஆண்டிமடம் பக்கம் ஒரு கிழவி கஞ்சி குடித்துவிட்டு வாந்தி எடுத்துச் செத்துப்போனாள். மருமகள் கண்ணகிமேல் சந்தேகம். கிழவியின் உடம்பில் விஷம் எதுவும் அகப்படவில்லை. கஞ்சி குடித்த டம்ளர் மட்டும் மேடம் கைக்கு வந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, மருந்து ஊற்றினார். ஊதா நிறம். ஃபீனால் என்ற விஷம் இருந்ததாக ரிப்போர்ட் கொடுத்தார். “ஒரு துளி போதும், பொய் பிடிபட்டுடும்” என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும். எட்டு தடவை கேட்டிருக்கிறேன்.

இந்த ஜூன் மாதம் அதே கேஸுக்கு அரியலூர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. ஒன்பது வருடம் கழித்து! நம் ஊர்க் கேஸ்கள் அப்படித்தான் நடக்கின்றன. வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம்.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளுக்கு ஐந்து நாள் முன்னால் ஃபீனால் பிராக்டிகல். கையுறைப் பெட்டி காலி. வாங்கச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், எவன் கேட்டான்? பிள்ளைகள் வெறுங்கையால் பஞ்சு பிடித்தார்கள். சண்முகப்பிரியா என்ற பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

“மேடம், பிளாங்க்கும் ஊதாவா வருது.”

“டியூப் கழுவுன லட்சணம் அப்படி. மறுபடி போடு.”

மறுபடியும் ஊதா. புது டியூப், புதுப் பஞ்சு, மறுபடியும் அதே ஊதா. பக்கத்து மேசையில் ஒருத்தருக்கும் வரவில்லை. மேடம் கத்த ஆரம்பித்தார். அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“கையப் பாருங்க மேடம், கருகிக் கெடக்கு” என்றேன்.

விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. “லீவுல ஊருக்குப் போயி அம்மாவோட முந்திரி உடைச்சேன் மேடம். அந்த ஓட்டு எண்ணெய் பட்டா இப்படித்தான் ஆயிடும்.”

“எந்த ஊரு?”

“ஆண்டிமடம்.”

கண்ணகியின் ஊர்ப்பக்கம்; அங்கே வீட்டுக்கு வீடு முந்திரி உடைப்பார்கள். மேடம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவளிடம் ஊரிலிருந்து முந்திரி ஓடு வாங்கி வரச் சொன்னார். மூன்று நாள் அந்த எண்ணெயை வைத்து அதே சோதனையைச் செய்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஊதா. அந்த எண்ணெயிலும் ஃபீனால் வகைச் சரக்கு இருக்கிறதாம்.

“கண்ணகி வூட்லேருந்து இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கியிருக்கணும் ஜெயா. அதுதான் பிளாங்க். நான் கேக்கல. அவசரம்னு எழுதிக் குடுத்துட்டேன்” என்றார். கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

துறைத்தலைவர் சிங்காரவேலு சார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். “ரிப்போர்ட் என்னோடதுதான்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுங்கம்மா. உங்க பேரு கெட்டா நம்ம துறை பேரும் சேந்துதான் கெடும்.” நல்ல மனுஷன்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு டீ கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை.

அரியலூருக்கு நானும் துணைக்குப் போனேன். கூண்டில் நின்ற கண்ணகிக்கு நாற்பது வயதுகூட இருக்காது, பார்த்தால் அறுபது சொல்லலாம். அரசு வக்கீல் ரிப்போர்ட்டைக் காட்டி, விஷம்தானே என்று கேட்டார்.

“நிறம் வந்தது உண்மை. முந்திரி உடைச்ச கை பட்டாலும் அதே நிறம் வரும். நான் அன்னிக்கு அதைச் சரிபார்க்கல. தப்பு என்னோடது” என்றார் மேடம்.

நீதிபதி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில், ஜாமீனில் இருந்த கண்ணகி வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்து நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானேன். அவள் திட்டவில்லை.

“முந்திரி உடைச்ச கைன்னு நான் அன்னிக்கே சொன்னேங்க. யாரும் எழுதிக்கல. எம் பொண்ணுக்குப் பதினாலு வயசு, அவ அப்பன்கிட்ட வளருறா. என் கையால தண்ணி குடுத்தாக் குடிக்க மாட்டேங்கிறா” என்றாள். பிறகு ஒரு நோட்டுத் தாளை நீட்டினாள். “அந்த டம்ளர்ல விஷம் இல்லன்னு நீங்களே எழுதிக் குடுங்கம்மா. அவகிட்டக் காட்டணும்.”

மேடம் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. டம்ளரில் துடைத்தது அன்றைக்கே தீர்ந்துபோயிற்று, இனி எவராலும் சோதிக்க முடியாது.

“இருந்துச்சுன்னு சொல்ல முடியாதுன்னுதான் எழுத முடியும் கண்ணகி. இல்லவே இல்லன்னு எழுத முடியாதும்மா.”

“இருந்துச்சுன்னு மட்டும் எழுத முடிஞ்சுதே?” என்றாள் கண்ணகி.

மேடம் பேனாவை மூடித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவள் தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ஜெயங்கொண்டம் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.